உள்ளூர் வண்டி

“சீன எழுத்து ஒண்ணு கூட கண்ணுல படக் கூடாது. பேங்க் ஆபீசர் பத்து மணிக்கு வர்றாங்க.”

சொல்லிவிட்டு இராமச்சந்திரன் தானே குனிந்து வண்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

சேதராப்பட்டில் இருக்கும் அவருடைய கொட்டகைக்கு, மூன்று சக்கர பேட்டரி வண்டிகள் சீனாவிலிருந்து கப்பலேறி, பெட்டி பெட்டியாக, உதிரிப் பாகங்களாக வரும். இரண்டே நாளில் பூட்டி முடித்து, ‘சங்கராபரணி கார்கோ’ என்று பெயர் ஒட்டிவிடுவார். அதன் கீழே சின்னதாக, ‘நம் மண்ணின் தயாரிப்பு’. முதல் வண்டிக்கு அந்த வரியை ஒட்டும்போது கை கொஞ்சம் தயங்கியது உண்மைதான். இருபதாவது வண்டிக்குள் அவரே அதை நம்பத் தொடங்கிவிட்டார்.

பூட்டும் வேலை செய்யும் தீபிகா, ஹேர் டிரையரால் சூடு காட்டி, பேட்டரிப் பெட்டி மேலிருந்த ஸ்டிக்கரை உரித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, இதுல நம்ம ஊர்ல செஞ்சது இன்னா இருக்கு?”

“எல்லாம்தான்.”

“டயர்ல இருக்கற காத்தைச் சொல்றீங்களா?”

“வாயை மூடிக்கினு வேலையைப் பாரு.”

வண்டியைக் கேட்டிருந்தவள் செல்வகுமாரி. பனித்திட்டிலிருந்து பாகூர் வரை தெருத்தெருவாக மீன் விற்பவள். நாறுகிறது என்று கூடையை பஸ்ஸில் ஏற்ற விடுவதில்லை. ஆட்டோவுக்குக் கொடுத்தால் வீட்டுக்கு மிஞ்சுவது மீன் வாசனை மட்டும்தான். கடன் கிடைத்தால் வண்டி. உள்ளூர் வண்டிக்குத்தான் கடன் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

“அண்ணே, இது கைக்கு வரலைன்னா என் இடுப்பு போயிடும்ணே. இனிமே கூடை தூக்க முடியாது.”

“நீ கம்முனு இரும்மா. நான் பாத்துக்கறேன்.”

பத்து அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போதே பேங்க் ஆபீசர் உஷாராணி வந்து இறங்கினாள். முகத்தில் சிரிப்பு என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை. வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள்.

“மோட்டார்?”

“இங்க செஞ்சதுதான் மேடம்.”

“கன்ட்ரோலர்?”

“நம்ம பசங்க பண்ணது மேடம்.”

“சேஸிஸ்?”

“சேதராப்பட்டு இரும்பு மேடம்.”

தீபிகாவுக்கு இருமல் வந்தது.

“ஓட்டிக் காட்டுங்க.”

செல்வகுமாரி ஏறி உட்கார்ந்து, கேட் வரை போய்த் திரும்பி வந்தாள். நன்றாகவே ஓட்டினாள்.

“ரிவர்ஸ்?”

செல்வகுமாரி பொத்தானை அழுத்தினாள். வண்டி பின்னால் நகர்ந்தது. கூடவே, ஒரு பெண் குரல், இனிமையாக, கொட்டகையே அதிர, சீன மொழியில் ஏதோ சொன்னது. சொன்னதையே மறுபடியும் சொன்னது.

எழுத்தையெல்லாம் உரிக்க வைத்தவர் வண்டியின் வாயை மறந்துவிட்டிருந்தார்.

“என்ன பாஷை இது?” என்றாள் உஷாராணி.

இராமச்சந்திரன் திரும்பித் தீபிகாவைப் பார்த்தார். வண்டி மேலிருந்தே செல்வகுமாரி குரல் கொடுத்தாள்.

“அது நான் கேட்டு வெச்சது மேடம். ‘மீனு மீனு’ன்னு கத்துனா இப்பல்லாம் எவளும் எட்டிப் பாக்கறதில்ல. புரியாத பாஷையில கத்துனா, இன்னாடா இதுன்னு வூட்டை வுட்டு வெளிய வருவாங்க இல்ல?”

“ஓ. என்ன மீன்னு சொல்லுது?”

“வஞ்சிரம் மேடம்.”

குரல் மூன்றாவது முறையாகப் பேசியது.

“இப்போ?”

“அது வந்து... சங்கரா.”

“விளம்பரம் மேடம், விளம்பரம்!” இராமச்சந்திரனுக்கு உயிர் வந்துவிட்டது. “அந்த ஐடியாவும் நம்ம கம்பெனிதுதான்.”

உஷாராணி பையிலிருந்து கடன் படிவத்தை எடுத்தாள். அதை வண்டியின் மேலேயே வைத்து, நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

செல்வகுமாரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தீபிகா டீ கொண்டு வந்தாள்.

பேனாவை மூடிக்கொண்டே உஷாராணி சொன்னாள்: “மூலக்குளத்துல எங்க வீட்டுக்குத் தண்ணி கேன் போடற வண்டியும் இதே அம்மா குரல்லதான் பேசுது. அந்தக் கேன்காரர் வஞ்சிரம் விக்கறதில்ல.”

இராமச்சந்திரன் கையிலிருந்த டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

“அப்போ... தெரிஞ்சேவா மேடம் கையெழுத்துப் போட்டீங்க?”

உஷாராணி படிவத்தை அவர் பக்கமாகத் திருப்பினாள்.

“வண்டியைப் பத்தி இதுல ஒரே ஒரு கேள்விதான் சார். எங்க பூட்டினதுன்னு. சேதராப்பட்டுன்னு எழுதியிருக்கேன், அது உண்மைதானே? மத்த பொய்யெல்லாம் நீங்களா ஆசைப்பட்டுச் சொன்னது.”