தொட்டிக்குள் ஒரு சாட்சி

டொக்!

காட்டு ஆய்வு முகாமின் தண்ணீர்த் தொட்டியிலிருந்து வந்த சத்தத்தில், சுகிர்தாவின் கையிலிருந்த பல் பிரஷ் நழுவி விழுந்தது. மறுபடியும் டொக், டொக்.

அந்தக் குரலை அவள் பழைய ஒலிநாடாவில் மட்டுமே கேட்டிருக்கிறாள். ஆறு மழைக்காலம் ஓடை ஓடையாக மைக் கட்டிக் காத்திருந்தும் ஒருமுறைகூடக் கேட்காததால், மஞ்சள்கால் தவளை இந்த மலையில் அழிந்தேவிட்டது என்று முந்நூறு பக்கம் எழுதி முடித்திருந்தாள். நாளை கொடுத்தால் டாக்டர் பட்டம். தினமும் முகம் கழுவும் தொட்டிக்கு மைக் வைக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

வனக்காவலர் காளன் மூடியைத் தூக்கினார். உள்ளே கட்டைவிரல் அளவில் ஒரு மஞ்சள்கால் தவளை, தொண்டையை ஊதியபடி உட்கார்ந்திருந்தது.

"ஆறு வருசம் எழுதினதை ஒரே கத்துல கவுத்துப்புட்டானே, பாவிப்பய!" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "நான் எதையும் பாக்கலம்மா. நீங்க போய்ப் பட்டத்தை வாங்குங்க."

சுகிர்தா சிரிப்பும் அழுகையுமாக மைக்கை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஆண் தவளைதாண்ணே கத்தும். இவன் எவளைக் கூப்பிடுறான்னு தேட வேண்டாமா? வாங்க!"