பூட்டின் காவல்

திரைப்படக் காப்பகத்து இரும்பு அலமாரியில் ஒரு படச்சுருள் இருந்தது. இளவயதில் இறந்துபோன ஒரு நடிகையின் முகம் உலகத்தில் அதனிடம் மட்டும்தான் மிச்சமிருந்தது. நடிகையின் மகள் வருஷம் தவறாமல் வந்து, அம்மாவை ஒரு தடவை பார்க்கணும் என்பாள். அலமாரிப் பூட்டு திறக்காது.

"வெளியே போனா தேஞ்சுபோவே. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றது பூட்டு, சுருளிடம்.

"உள்ளேயே புழுங்கி உடம்பெல்லாம் புளிச்ச வாடை அடிக்குது அண்ணே. ஒரு நகலாவது எடுக்கவிடுங்க" என்றது சுருள்.

"என் காவல்ல உனக்கு என்ன ஆகும்?"

பிறகு மகள் வருவது நின்றுபோனது. அலமாரியைக் காலி செய்ய ஆட்கள் வந்தபோது சுருள் ஒரே கட்டியாக ஒட்டிப்போயிருந்தது.

"ஒரு கீறல் விழாம வெச்சிருந்தேன்" என்றது பூட்டு.

குப்பை வண்டியில் கிடந்த சுருள் அந்த முகத்தை நினைத்துப் பார்த்தது. அதற்கும் ஞாபகம் வரவில்லை.