குளியலறைக்குப் பூட்டு

"செடியை அள்ளினது இந்த அக்காதான் தலைவரே! வேற யாருக்கு அந்த நெஞ்சழுத்தம் வரும்?"

குடலிறக்க ஆபரேஷன் முடிந்து அன்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தான் எகம்பெர்தி. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பக்கத்து வீட்டு ரிசோலத்தின் கதவை இடித்தான். அந்தச் சத்தம் புகாரா நகரம் முழுக்கக் கேட்டிருக்கும். பின்னால் மஹல்லா என்கிற அந்தக் குடியிருப்பின் தலைவர் தோஷ்மத் நின்றார்.

விஷயம் இதுதான். எகம்பெர்தியின் தொழுவத்தைக் கழுவிவிடும் சாணித் தண்ணீர் முதலில் நாணல் படுகைக்குள் புகும். பிறகு ஆகாயத்தாமரை மிதக்கும் குட்டையில் கிடக்கும்; மிச்ச அழுக்கை அந்தச் செடி உறிஞ்ச, தண்ணீர் தெளியும். அப்புறம்தான் தெருக் கால்வாய்க்குப் போகும்.

"கால்வாயில இன்னொரு தடவை சாணி வாடை அடிச்சா மாட்டையெல்லாம் ஊருக்கு வெளியே ஓட்டிடணும்" என்று தலைவர் கறாராகச் சொல்லியிருந்தார். ஓட்டிக்கொண்டு போக அவனுக்கு இடம் ஏது? மாடு போனால் பிழைப்பே போச்சு.

இப்போது குட்டையில் ஒரு செடிகூட இல்லை.

"பால் கறக்க உன் மச்சான் வந்து போயிட்டுத்தானே இருந்தான்?" என்றார் தலைவர்.

"அவனுக்கு மடியைத் தவிர எதுவும் கண்ணுல படாது. இந்த அக்கா கோடை பூரா வேலி ஓரமா நின்னு கத்தினாங்களே, 'ஒரு நாள் உன் களையை வேரோட அள்ளிடறேன் பாரு'ன்னு! நீங்களும்தானே கேட்டீங்க?"

கதவைத் திறந்தது ரிசோலத்தின் கணவர் நோர்குல். பின்னாலேயே அவளும் வந்தாள்.

தலைவர் சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"பார்த்தீங்களா? செடி போச்சு, நாத்தம் வந்தாச்சு!" என்று குதித்தான் எகம்பெர்தி. குதித்ததும் தையல் வலித்தது.

"செடியா? எந்தச் செடி?" என்றாள் ரிசோலத். அவள் கேட்ட அழகிலேயே பொய் தெரிந்தது.

"உள்ளே வாங்க, டீ குடிக்கலாம்" என்றார் நோர்குல் அவசரமாக.

"டீயெல்லாம் வேணாம். வீட்டைப் பார்க்கணும்" என்றார் தலைவர்.

"தாராளமா பாருங்க. குளியலறை மட்டும் வேணாம்" என்றாள் ரிசோலத்.

போதாதா? தலைவர் நேராக அங்கேதான் போனார். கதவில் பூட்டு தொங்கியது.

"குளியலறைக்கு எதுக்கும்மா வெளியில பூட்டு?"

முணுமுணுத்துக்கொண்டே சாவியை எடுத்தாள்.

உள்ளே அடுப்பு எரிந்து அறையே கதகதப்பாக இருந்தது. தொட்டி நிறைய ஆகாயத்தாமரை. பச்சைப் பசேலென்று புதுக் குருத்துகூட விட்டிருந்தது.

எகம்பெர்தி ஒரு குருத்தைத் தொட்டுப் பார்த்து முழித்தான்.

"என்னடா முழிக்கிற?" என்றாள் ரிசோலத். "உறைபனி விழுந்தா அழுகிப்போற செடி இது. வருஷா வருஷம் நீ எடுத்து உள்ளே வைப்ப. இந்த வருஷம் வயித்தைக் கிழிச்சுக்கிட்டுப் படுத்துட்ட. உன் மச்சானா எடுத்து வைப்பான்? தொட்டி கொள்ளாததை உன் மாட்டுக்கே போட்டாச்சு."

"சொல்லியிருக்கலாமே அக்கா..." என்றான் எகம்பெர்தி.

"ஊரைக் கூட்டித் திட்டின வாயால, காப்பாத்தி வச்சிருக்கேன்னு எப்படிடா சொல்றது? என் மானம் என்ன ஆகறது?"

தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் மூக்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அதெல்லாம் சரிம்மா. வர்ற வழியில பார்த்தேன், கால்வாய் சுத்தமாத்தான் ஓடுது. அப்போ இந்த நாத்தம் எங்கேருந்து வருது?"

நோர்குல் மெதுவாக வாசல் பக்கம் நழுவினார்.

"வீட்டுல இருக்கறது ஒரே தொட்டி" என்றாள் ரிசோலத். "நான் தங்கச்சி வீட்டுல குளிச்சுக்கறேன். இவரை ஊர்ப் பொதுக் குளியலறைக்கு அனுப்பினா, ஏன் எதுக்குன்னு நாலு பேர் கேட்பாங்க. இவர் உளறிடுவாரு. அதான், நீ ஆஸ்பத்திரிக்குப் போன நாள்லேருந்து மனுஷன் குளிக்கவே இல்லடா!"