கடைசிப் பால்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் கிழவி பேச்சாயி இழுத்துக்கொண்டு கிடந்தாள். சிவநாமத்தோடு சாகிறவர்களுக்குப் பால் வார்த்தால் புண்ணியம் என்று, பெரிய கங்காணி செம்பு நிறையப் பசும்பாலோடு வந்துவிட்டார். மருமகள் சீரங்காயி கிழவியின் தலையைத் தாங்கிப் பிடிக்க, கங்காணி குனிந்தார்.

“ஆத்தா, ஆசையெல்லாம் விட்டுரு. போன மாசம் மாதிரி திரும்பி வந்துராத. சிவ சிவான்னு சொல்லு.”

“சிவ... சிவ...”

கங்காணி அவள் வாயில் ஒரு சொட்டு விட்டார். கண் செருகியது.

“மூச்சு அடங்குற வரைக்கும் ஊத்து தாயி” என்று செம்பைச் சீரங்காயியிடம் கொடுத்துவிட்டு, மனநிறைவோடு பெரட்டுக்கு ஆள் கணக்கெடுக்கப் போனார்.

கிழவி எழுந்து உட்கார்ந்தாள்.

“தொட்டில் பிள்ளைக்கு ஊட்டுடி. இன்னிக்காச்சும் வயிறு நெறயட்டும்.”

“நாளைக்கு என்ன செய்ய, அத்தை?”

“நாளைக்கு ஒன் மாமனாரச் சாகச் சொல்லு. நான் ரெண்டு தடவ செத்தாச்சு.”