மாமனார் இண்டிஃபரன்ட்

இதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும்.

எண்பத்தேழில் இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம். சங்கராபுரம் சாலையில் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். டுடோரியலில் இங்கிலீஷ் நடத்தும் சிவசங்கர், அதை ஏறித் தாண்டும்போது மூக்குக்கண்ணாடியை உடைத்துக்கொண்டு, என் மகள் மணிமொழியைப் பெண் கேட்டு வந்தான்.

வாசலில் மாட்டு வண்டிமேல் என்னைப் பார்த்ததும் கைகட்டி நின்றான்.

"மாமா, மணிய நல்லா வச்சிக்குவேனுங்க."

பதில் இல்லை. விழுந்து கும்பிட்டான். அசைவில்லை. என் தோளில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. அதையும் விரட்டவில்லை.

சிவசங்கர் என் மகளிடம் முனகினான். "இன்னா மணி, உங்கப்பா இவ்ளோ இண்டிஃபரன்டா இருக்காரு?"

"அப்படின்னா?"

"கோவமும் கெடையாது, சந்தோஷமும் கெடையாது. எவன் எப்படிப் போனா எனக்கின்னான்னு இருக்கறது."

"வேணாம்னு சொன்னாரா?"

"சொல்லல."

"அவருக்குப் புடிக்கலன்னா இந்நேரம் செருப்பு பறந்திருக்கும். சம்மதந்தான். போய் உங்கம்மாவ இட்டுக்கினு வாங்க."

என் மனைவி பெரியநாயகியும் தலையாட்டினாள். மறுநாளே கோயிலில் தாலி ஏறியது. நான் போகவில்லை. அதையும் மாப்பிள்ளை இண்டிஃபரன்ஸ் என்றே எடுத்துக்கொண்டார். இன்றைக்கும் வகுப்பில் அந்தச் சொல்லுக்கு என்னைத்தான் உதாரணம் சொல்கிறார்.

அந்த வாரம் முழுக்க நான் மறியல் கைதியாக ஜெயிலில் இருந்தேன். வண்டிமேல் இருந்தது, சாயங்காலம் கொளுத்துவதற்காக என் வேட்டி சட்டையை மாட்டி மணிமொழி கட்டி வைத்த, மந்திரியின் வைக்கோல் கொடும்பாவி.