பாத்திரக்கடையின் நடுச்சுவர்

கடைவீதியிலிருந்த பாத்திரக்கடையை அண்ணன் மாசிலாமணியும் தம்பி தெய்வநாயகமும் பாகம் பிரித்தபோது, நடுவில் ஒரு செங்கற்சுவர் எழுந்தது. பானைகள் அண்ணனுக்கு, மூடிகள் தம்பிக்கு. பானை வாங்கியவர்கள் அதைச் சுமந்துகொண்டு மூடிக்காக அடுத்த வாசலுக்கு நடந்தார்கள்.

மேலே கிடந்த தேக்கு உத்திரத்தைத் தானே தாங்குவதாகச் சுவர் நம்பியது. அதனால் எந்நேரமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றது.

ஒருநாள் பானையும் கையுமாக நின்ற அம்மாள் ஒருத்தி பொறுமையிழந்தாள். "ஏனப்பா, சண்டை உங்களுக்கா, பானைக்கும் மூடிக்குமா?"

சுவரின் இருபுறமும் ஒரே நேரத்தில் சிரிப்பு வெடித்தது. சிரிப்பு அடங்குமுன் அண்ணன் குரல் கொடுத்தார்: "டேய் தெய்வு, கொத்தனாரைக் கூப்பிடலாமா?"

"இதைச் சொல்ல இத்தனை நாளா, அண்ணா!"

சுவர் பதறியது. "உத்திரத்து அண்ணா, என்னை இடிக்கப் போகிறார்கள்! நான் போனால் நீங்கள் விழுந்துவிடுவீர்களே!"

"அட தம்பி, சற்றே அண்ணாந்து பார். நமக்கு நடுவில் பல்லி ஓடுகிறது. என்னைத் தாங்குபவை தூண்கள். உன்மேல் நான் சாய்ந்ததே இல்லை."

சுவர் அத்தனை நாளாகப் பிடித்திருந்த மூச்சை விட்டது.

கொத்தனார் அதன் கற்களை உடையாமல் எடுத்து, கடைவாசலில் அகலமான படியாகக் கட்டினார். மறுநாளே கலியாணச் சீர் வாங்க ஒரு குடும்பமே திரண்டு வந்து அதன்மேல் ஏறியது.

"எப்படி இருக்கிறாய், தம்பி?" என்று உத்திரம் உள்ளிருந்து கேட்டது.

"கனக்கிறது, அண்ணா!" என்று படி பூரித்தது. "இன்னும் நாலு பேரை வரச் சொல்லுங்கள்."