கேளாமல் வந்த இனாம்

"அமத்திராதீங்க மாமா! கைய எடுங்க!"

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை றஸ்மி, கடித்த பலகாரத்தைத் தட்டில் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்து ஸைனுலாப்தீனின் போனைப் பறித்தான். பெண்ணைப் பெற்றவர் நீட்டிய விரலை மடக்கவும் மறந்து அப்படியே இருந்தார்.

கல்முனைக் கடைத்தெருவில் புடைவைக் கடை வைத்திருக்கும் மனிதர் அவர். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுச் செருப்புத் தேய அலைவது. இவர்களோ தாங்களாகவே ஆளனுப்பி, பெண் கேட்டு வந்திருந்தார்கள். அதுவும் கொம்பியூட்டர் படித்த, கட்டாரில் வேலை செய்கிற மாப்பிள்ளை. ஆள் வந்த அன்றிலிருந்து ஸைனுலாப்தீனுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

அந்தச் சந்தோசத்தில் இருந்தவருக்குத்தான் போனில் இன்னொரு சந்தோசம் வந்தது. 'நீங்கள் தெரிவு செய்யப்பட்டுள்ளீர்கள். பெருந்தொகை கிரிப்டோ காசு உங்களுக்கு இனாம். இன்றே பெற்றுக்கொள்ளுங்கள்.' வரப்போகும் மருமகன் மெச்சட்டும் என்று அவனுக்குக் காட்டிக்கொண்டே லிங்க்கை அமத்தப் போனார்.

"இது கள்ள எயார்ட்ரொப் மாமா. சும்மா தாறம் எண்டு கூப்பிட்டு, நம்மட கையில இரிக்கிறதயும் துடைச்சி எடுத்திட்டுப் போற வேல."

"அல்லாஹ்வே! எனக்கு என்ன மகன் விளங்கும்? இத எப்பிடிக் கண்டுபிடிக்கிற?"

றஸ்மி இப்படியான மோசடிகளைப் பற்றி பேஸ்புக்கில் வீடியோ போடுகிறவன். எதிரில் கமரா இல்லாவிட்டாலும் இருப்பதைப் போலத்தான் பேசுவான். நிமிர்ந்து உட்கார்ந்து, விரலை மடக்கத் தொடங்கினான்.

"மூணு அடையாளம் மாமா. ஒண்டு, நாம கேக்காம தானாத் தேடி வரும். ரெண்டு, யோசிக்க விடாம அவசரப்படுத்தும். மூணு, தாறது பிறகு எண்டு செல்லிட்டு, நம்மடய முதல்ல கேக்கும். காசு வெச்சிரிக்கிற வொலட்டுட ரகசியச் சொல்லத் தாங்க, கட்டணத்த அனுப்புங்க எண்டு. உண்மையாத் தாறவன் அதக் கேக்கமாட்டான். குடுத்தா முடிஞ்சி, திரும்ப எடுக்க ஏலாது."

"மூணும் இரிந்தா?"

"கதையே வேணாம். பதிலும் போடப்படாது. உடன ப்ளொக்."

சொன்னதோடு நிற்காமல் அவனே அந்த நம்பரை ப்ளொக் பண்ணி, போனை மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினான். ஸைனுலாப்தீனுக்குக் கண் கலங்கிவிட்டது. திரைச்சீலைக்குப் பின்னால் தேநீர்த் தட்டோடு நின்ற மகள் ஸுஹைறாவுக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று. இவ்வளவு அழகாக விளங்கப்படுத்துகிற ஒருவனை அவள் அதுவரை கண்டதில்லை.

மாப்பிள்ளையின் சாச்சா, வாப்பாவின் தம்பி பக்கீர் முகைதீன், வந்ததிலிருந்து கூரையையும் சுவரையும் கண்ணால் அளந்துகொண்டிருந்தவர், இப்போது தொண்டையைச் செருமினார்.

"மறுகா நம்மட விசயத்தயும் கதைச்சி முடிப்பமே காக்கா. வாற வெள்ளி நிக்காஹ்வ வெச்சிருவம்."

"வாற வெள்ளியா? ஆக்களுக்குச் செல்லவும் நேரம் காணாதே!"

"மகன்ட லீவு முடியிது. வேற இடத்தாலயும் கேட்டுக்கிட்டுத்தான் இரிக்காங்க. நாங்கதான் உங்களுக்காகப் பொறுத்திட்டு இரிக்கம்."

"சரி, அல்லாஹ்ட நாட்டம். பொண்ணுக்கு நீங்க தாற மஹர் எப்பிடி?"

"அதெல்லாம் குறையில்லாமத் தருவம். மகன் அடுத்தமுற கட்டாரால வரக்குள்ள, இன்ஷா அல்லாஹ். நீங்க இந்த வீட்டுட உறுதிய மட்டும் நிக்காஹ்க்கு முந்தி மாப்பிள்ளட பேருக்கு எழுதித் தந்திருங்க."

வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, ஸைனுலாப்தீனும் மனைவியும் பின்வளவுத் தகரக் கொட்டிலுக்குப் போவது என்று எப்போதோ முடிவெடுத்தாயிற்று. ஆனால், மகளுடைய வீட்டின் கொட்டில் வேறு, இன்னொருவருடைய வீட்டின் கொட்டில் வேறு.

"நாம மகள்ட பேருக்குத்தானே எழுதுற?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒரு பாதுகாப்புக்குத்தான் மாமா," என்றான் றஸ்மி. இந்த முறை அந்த இல்லாத கமராவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினான்.

ஸைனுலாப்தீன் போனைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். சற்று முன் தன்னைக் காப்பாற்றிய பிள்ளை, தன்னை ஏமாற்றவா போகிறது? அப்படி நினைத்ததற்கே வெட்கப்பட்டவராக எழுந்துபோய் அலுமாரியைத் திறந்தார். பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த உறுதிப் பத்திரத்தோடு திரும்பி வந்தார். பக்கீர் முகைதீன் கையை நீட்டினார்.

திரைச்சீலை விலகியது. ஸுஹைறா வந்து தேநீர்த் தட்டை மேசையில் வைத்தாள். வாப்பாவின் கையிலிருந்த பையை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாப்பிள்ளை மடக்கிக் காட்டியதைப் போலவே, ஒவ்வொன்றாக, நிதானமாக, மூன்று விரல்களை மடக்கினாள்.

"மூணும் இரிக்கி வாப்பா. ப்ளொக் பண்ணுங்க."